துறைமுகப் பேட்டையும் ஓவியக்கூடமும்

சென்னைத் துறைமுகத்தை விட்டு மேற்கே சிறிது தூரம் நடந்தால் பிராட்வே என்னும் தெரு வரும். பிரகாசம் சாலை என்பது அதன் இன்றைய பெயர். சரக்கு வண்டிகளும் கைவண்டிகளும் நெருக்கியடித்துச் செல்லும் அந்தத் தெருவில், 1850ஆம் ஆண்டில், அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அரசாங்கத்தின் கட்டளையால் அன்று. தம் சொந்த முயற்சியால். கல்கத்தாவில் 1854லும் பம்பாயில் 1857லும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. ஆகவே, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டில் தோன்றிய ஓவியப் பள்ளிகளுள் மூத்தது, வடசென்னையின் வாசற்படியில் பிறந்தது எனலாம்.

மாணவ நண்பர்களே! இதனை முதலில் கூறுவதற்குக் காரணம் உண்டு. இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் பிள்ளைகள் பலர், ஓவியக்கூடம் என்ற சொல்லைக் கேட்டவுடன், அது தமக்கு உரியதன்று என்று எண்ணிவிடுகின்றனர். பளிங்குத் தரையும் பட்டுடை அணிந்த விருந்தினரும் அவர்கள் மனக்கண்முன் தோன்றுகின்றனர். பாரந்தூக்கிகளுக்கும் மீன்பிடி வலைகளுக்கும் இடையே வளரும் எனக்கு ஓவியம் எதற்கு என்று ஒரு மாணவன் கேட்டால், அக்கேள்வியைத் தட்டிக் கழிக்கக்கூடாது. விடை நம் நகரத்தின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

ஹன்டர் விரும்பியது செல்வர் மாளிகைச் சுவரை அழகு செய்யும் படங்களை மட்டும் அன்று. மக்கள் நாள்தோறும் கையாளும் பானை, ஓடு, செங்கல், மரச்சாமான் ஆகியவற்றின் வடிவமும் வேலைத்திறமும் சிறக்க வேண்டும். அதற்குக் கைவினைஞர்க்கு வரையக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எனவே ஓவியப் பள்ளியை அடுத்து, 1851இல் ஒரு தொழிற்பள்ளியையும் அவர் ஏற்படுத்தினார். 1850களிலேயே அரசாங்கம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. பள்ளியும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு இடம் மாறியது. ‘தொழிற்கலைப் பள்ளி’ என்று அது நெடுங்காலம் வழங்கிய பெயரே அதன் நோக்கத்தைக் கூறும். எழும்பூரை அடுத்து ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அதுவே.

அப்பள்ளியின் வரலாற்றில் பலரும் அறியாத பகுதி ஒன்று உண்டு. 1898ஆம் ஆண்டளவில், பொறியியற் பேராசிரியரான ஆல்பிரட் சாட்டர்டன் அப்பள்ளியின் பட்டறையில் அலுமினியத் தகட்டைக் கொண்டு பாத்திரம் செய்யும் சோதனைகளைத் தொடங்கினார். பித்தளையையும் செம்பையும் தட்டிப் பழகிய கைகளுக்குப் புதிய உலோகம் ஒன்று கிடைத்தது. சில ஆண்டுகளில் அவ்வேலை தனியார் நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறித் தனித்தொழிலாக வளர்ந்தது. ஏழைகளின் அடுப்பங்கரையில் ஏறிய அலுமினியக் குண்டானுக்கு ஓர் ஓவியப் பள்ளி தாய்வீடு என்றால் நம்புவோர் சிலரே. ஆயினும் அது மெய். கலை வேறு, தொழில் வேறு என்று நாம் இன்று கீறி வைத்திருக்கும் கோடு, அன்று அந்தப் பட்டறையில் இல்லை.

இதே எண்ணம் உலகின் வேறிடங்களிலும் அக்காலத்தில் தலையெடுத்தது. இலண்டன் மாநகரில் 1857இல் திறக்கப்பட்ட தென் கென்சிங்டன் காட்சிச்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைக்கும் ஒருவன் பகலில் திறந்து பகலிலேயே மூடும் காட்சிச்சாலையை எப்போது காண்பான்? இதனை எண்ணிய அதன் தலைவர் ஹென்றி கோல், கூடங்களில் வாயு விளக்குகளைப் பொருத்தி மாலை நேரத்திலும் கதவுகளைத் திறந்து வைத்தார். கட்டணத்தைக் குறைப்பதைப் போலவே நேரத்தை நீட்டுவதும் கலையைப் பொதுவாக்கும் வழி என்பதை அவர் உணர்ந்திருந்தார். இந்த விளக்கைப் பற்றிப் பின்னும் சொல்லப் போகின்றேன்.

நம் எழும்பூருக்கு வருவோம். 1851இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய அரசு அருங்காட்சியகம், 1854இல் எழும்பூரின் பாந்தியன் வளாகத்திற்குக் குடிவந்தது. அதன் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபரும் ஒரு மருத்துவரே. அவ்வளாகத்தில் செந்நிறக் கல்லால் எழுந்து, மொகலாயர் வாயில்களை நினைவூட்டி நிற்கும் கட்டடத்தைக் கண்டிருப்பீர்கள். ஹென்றி இர்வின் வரைந்த அமைப்பின்படி நம்பெருமாள் செட்டியார் கட்டியது அது. 1906இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1909இல் திறக்கப்பட்டபொழுது, விக்டோரியா நினைவு மண்டபம் என்று அதற்குப் பெயர். அங்கே முதலில் நடைபெற்றது என்ன தெரியுமா? கைத்தொழிற் பொருள்களின் காட்சியும் விற்பனையும்! தச்சரும் கன்னாரும் நெசவாளரும் செய்தவை அங்கே மக்கள் பார்வைக்கு வந்தன. 1951ஆம் ஆண்டு நவம்பரில் பண்டித நேரு அதனைத் தேசிய ஓவியக்கூடமாகத் திறந்து வைத்தார். பின்னர்ப் பழுதுபார்ப்பின் பொருட்டுப் பல ஆண்டுகள் அக்கட்டடம் பூட்டிக் கிடந்தது, ஒரு தலைமுறை மாணவர்க்கு நேர்ந்த இழப்பே ஆகும்.

பொது ஓவியக்கூடத்தில் நிகழ்வன பலவகை. நிலையாக வைக்கப்பட்டிருக்கும் படைப்புகள் ஒரு வகை. அவை இன்று போனாலும் அடுத்த ஆண்டு போனாலும் அங்கேயே இருக்கும். ஒரு வாரமோ இரு வாரமோ நடந்து கலைந்துவிடும் தற்காலிகக் கண்காட்சிகள் மற்றொரு வகை. ஓவியர் தம் வேலையைப் பற்றிப் பேசும் கூட்டமும், பார்ப்பவர் கண்ணெதிரே சிலை வனைந்து காட்டும் செய்முறை விளக்கமும், பலர் கூடி வரையும் முகாமும், பிள்ளைகளுக்கான விடுமுறை வகுப்பும் பிற. மே மாதம் 18ஆம் நாள் உலக அருங்காட்சியக நாள். நவம்பர் 19 முதல் ஒரு வாரம் உலக மரபு வாரம். இந்நாள்களை ஒட்டி அருங்காட்சியகங்களில் சிறப்பு நிகழ்ச்சிகள் நடைபெறுவது வழக்கம். கோடை விடுமுறையை ஒட்டி வகுப்புகள் அறிவிக்கப்படும். அறிவிப்புப் பலகையைப் பார்த்து வருவதற்கென்றே ஏப்ரலில் ஒருமுறை போய்வருதல் நன்று.

கலைந்துபோகும் கண்காட்சியால் என்ன பயன் என்று கருத வேண்டா. 1873இல் இந்நகரில் நுண்கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. கூந்தலில் மலர் சூடும் நாயர் மகளிர் ஒருவரின் ஓவியத்தைத் திருவாங்கூரிலிருந்து ஓர் இளைஞர் அனுப்பியிருந்தார். ஆளுநரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அவர்தாம் இரவிவர்மா. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். பிற்காலத்தில் அவருடைய ஓவியங்கள் எழும்பூர்த் தொகுப்பில் நிலையான இடம் பெற்றன. ஒரு கண்காட்சி சில நாள்களில் முடிகின்றது. அங்கே கண்டெடுக்கப்பட்ட கை முடிவதில்லை.

இனி, கிரீம்ஸ் சாலைக்குச் செல்வோம். இந்திய அரசு 1954இல் நிறுவிய லலித் கலா அகாதெமியின் சென்னை மண்டல நிலையம் 1978 முதல் இயங்கி வருகின்றது. காட்சிக்கூடத்தோடு, ஓவியம், சிற்பம், சுடுமண், அச்சோவியம் ஆகியவற்றிற்கான பட்டறைகளும் அங்கே உள. வடசென்னை மாணவர் முதலில் காண வேண்டியது அச்சோவியப் பட்டறை என்பது என் கருத்து. ஏனெனில் அங்கே காண்பது ஒரு சிறு தொழிற்சாலை.

அங்கே ஒரு துத்தநாகத் தகட்டையோ செப்புத் தகட்டையோ நன்றாகத் துடைத்து, அதன்மேல் மெழுகு கலந்த பூச்சு ஒன்றைத் தடவுகின்றனர். பூச்சு உலர்ந்தபின் ஊசியால் அதன்மேல் வரைகின்றனர். ஊசி உலோகத்தை வெட்டுவதில்லை. பூச்சை மட்டும் விலக்குகின்றது. பிறகு தகட்டை அமிலத்தில் இடுவர். பூச்சு இருக்குமிடத்தில் அமிலம் தீண்டாது. கோடு சென்ற இடத்தில் மட்டும் அரிக்கும். அதிக நேரம் கிடந்தால் கோடு ஆழமாகும். ஆழமான கோடு மிகுதியான மையைத் தாங்கும். ஆகவே கறுத்து விழும். தகட்டில் மை தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் துடைத்துவிட்டால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் இட்டு உருளைகளின் இடையே செலுத்த, தாள் அந்த மையை உறிஞ்சிக்கொண்டு வெளிவரும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கும். ஆதலால் எழுத்தைத் தலைகீழாய் எண்ணிப் பழகியவனே தகட்டில் எழுத முடியும். வேதியியல் ஆசிரியர் அமிலத்தைப் பற்றிக் கூறியது இங்கே கைக்குள் வந்து நிற்கின்றது.

அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடமும் அவ்வாறே. திருவாலங்காட்டு நடராசரின் முன் நின்று பலரும் வியப்பர். ஆயின் எண்ணூர்ப் பக்கத்துப் பவுண்டரித் தொழிலாளியின் மகன் வியப்பதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. மணலில் அச்செடுத்து, உருகிய இரும்பைச் சாய்த்து, குளிர்ந்தபின் உடைத்தெடுக்கும் வேலையை அவன் வீட்டுப் பேச்சிலேயே கேட்டிருப்பான். பழஞ்சிற்பி தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவத்தை முழுமையாகச் செய்தான், அதன்மேல் வண்டல் மண்ணைப் பலமுறை பூசிக் கவசமிட்டான், சூடேற்றினான். மெழுகு உருகித் துளைவழியே ஓடிற்று. அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்தான். மண்ணை உடைத்தபின் சிலை வெளிவந்தது, அச்சு அழிந்தது. ஆதலின் அதே அச்சில் இரண்டாவது திருமேனி என்பதே கிடையாது. காற்று எங்கே அடைபடும், உலோகம் எந்த வழியாக இறங்கும், விரல் நுனி நிரம்புமுன் குளிர்ந்துவிடுமா என்ற கவலைகள் அனைத்தும் இன்றைய பவுண்டரிக்காரனுக்கும் அன்றைய சிற்பிக்கும் பொது. அக்கூடத்திற்குத் தந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டி கூறாத செய்தியை அவர் கூறக்கூடும்.

வகுப்புகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஐந்து முதல் பதினாறு வயது வரையுள்ள சிறுவர்க்கு, மாநில அரசின் கலை பண்பாட்டுத் துறையின்கீழ் ஜவகர் சிறுவர் மன்றங்கள் நடைபெறுகின்றன. இசை, நடனம் முதலியவற்றோடு ஓவியமும் அங்கே கற்பிக்கப்படும். எங்கே சேர்ந்தாலும், முதல் வகுப்பில் வண்ணப் பெட்டியைத் திறக்கச் சொல்லாத ஆசிரியர் வாய்த்தால் அது நற்பேறு. நல்லாசிரியர் முதலில் ஒரு குடத்தையோ செங்கல்லையோ மேசைமேல் வைப்பார். வரையச் சொல்வதற்குமுன் பார்க்கச் சொல்வார். குடத்தின் வாய் வட்டம் என்பதை நாம் அறிவோம், ஆனால் இருக்கையில் அமர்ந்து நோக்கும் கண்ணுக்கு அது வட்டமாகத் தோன்றுவதில்லை, நீள்வட்டமாகவே தோன்றும். அறிந்ததை வரையாமல் கண்டதை வரையப் பழகுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். அந்த ஒரு மாதத்தில் சலித்துப்போய் நின்றுவிடுவோர் பலர். நிற்காதவர்க்கு நிழலும் ஒளியும், பிறகு உருவங்களின் இடையே உள்ள வெற்றிடமும், அதன் பின்னரே வண்ணமும் வரும். கரித்துண்டும் பழைய செய்தித்தாளும் இந்த முதற்படிக்குப் போதும்.

கைப்பழக்கத்தின் அருமைக்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டுவதில்லை. 1955இல் உருவான என்ஃபீல்டு நிறுவனத்தின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில், மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கியின்மேல் ஓடும் பொன்னிறக் கோட்டினைப் பல்லாண்டுகள் கையாலேயே வரைந்து வந்தனர். அளவுகோல் இல்லை, ஒட்டுத்தாள் இல்லை. நீண்ட மயிர்த் தூரிகை ஒன்று. மூச்சடக்கிய கை ஒன்று. வளைந்த உலோகத்தின்மேல் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிப்பில் அக்கோடு செல்லும். அது பிசகினால் துடைத்துவிட்டு மீண்டும் இழுக்க வேண்டும். அந்த வண்டிகள் உலகின் பல நாடுகளில் ஓடுகின்றன. காசிமேட்டில் படகின் முகப்பில் பெயர் எழுதுபவரின் வேலையையும் நின்று பாருங்கள். வளைந்த பலகையில் எழுத்து நேராகத் தெரிவதற்கு அவர் எழுத்தை எவ்வாறு சாய்க்கின்றார் என்பது ஒரு பாடம். ஓவியக்கூடத்தில் இவர்களுடைய வேலைக்கு இடம் இல்லாதது ஓவியக்கூடத்தின் குறையே அன்றி இவர்களின் குறை அன்று.

வயிற்றுப் பிழைப்பு என்ன ஆவது என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. கே. சி. எஸ். பணிக்கர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1936இல் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபொழுது அவருக்கு இருபத்தைந்து வயது. பின்னாளில் அதே பள்ளியில் ஆசிரியரானார், 1957இல் முதல்வரானார். ஓவியத்தை மட்டும் விற்று வாழ முடியாது என்பதை அவரும் அவருடைய மாணவர்களும் நன்கு உணர்ந்திருந்தனர். எனவே துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் வேலையைச் செய்து விற்றனர். அந்த வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை எழுப்பினர். காலையில் துணி, மாலையில் ஓவியம் என்று நடந்த வாழ்க்கை அது. புரவலர் எவரும் அள்ளிக் கொடுத்ததன்று.

இன்று மேல்நிலைக் கல்வி முடித்தவர், வரைதல் செய்முறைத் தேர்வில் தேறி, கவின்கலைக் கல்லூரியில் நான்காண்டுப் பட்டப் படிப்பில் சேரலாம். ஓவியம், சிற்பம் என்பனவற்றோடு சுடுமண், நெசவு வடிவமைப்பு, அச்சோவியம், காட்சித் தொடர்பியல் ஆகிய பிரிவுகளும் அங்கே உள்ளன. இவை தொழிற்சாலையோடும் அச்சகத்தோடும் விளம்பரத்தோடும் நேரே தொடர்புடையவை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளிலும் ஓவியத்திற்கு இடம் உண்டு. பள்ளி ஓவிய ஆசிரியராக விரும்புவோர் பலர் அவ்வழியே வந்தவர்கள். ஓவியம் படித்தால் செல்வம் குவியும் என்று நான் கூற வரவில்லை. படித்தவன் பட்டினி கிடப்பான் என்பதும் பழங்கதை.

மெய்யான தடை வேறு. நான் குறிப்பிட்ட எழும்பூர், கிரீம்ஸ் சாலை, ஈஞ்சம்பாக்கம் ஆகிய மூன்றும் நகரின் நடுவிலோ தெற்கிலோ அமைந்துள்ளன. எண்ணூர்ச் சிறுவன் ஒருவன் காலையில் புறப்பட்டுப் பார்த்துத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 2021இல் மெட்ரோ இரயில் விம்கோ நகர்வரை நீண்டபின் பயணம் எளிதாயிற்று என்பது உண்மை. ஆனால் இரவு முறை வேலை முடித்துப் பகலில் உறங்கும் தந்தைக்கும், விடியலில் ஏலக் கூடத்திற்குச் செல்லும் தாய்க்கும் நேரம் எங்கே? கென்சிங்டனின் வாயு விளக்கை இதற்காகவே நினைவூட்டினேன். மாலை ஆறு மணிக்குமேல் திறந்திருக்கும் கூடம் வேண்டும். அதைவிடவும், கூடமே வடக்கே வர வேண்டும். 1856இல் திறக்கப்பட்டு இன்றும் நிற்கும் இராயபுரம் இரயில் நிலையம் போன்ற பழங்கட்டடங்களில் ஒன்றில், ஆண்டுக்கு ஒரு திங்களேனும் அருங்காட்சியகத்தின் படைப்புகளைக் கொணர்ந்து வைத்தால் என்ன? உரியவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

சுவரில்லாத ஓவியக்கூடம் ஒன்று ஏற்கெனவே உண்டு. மெரீனாக் கடற்கரையில் நால்வர் பெரும்பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவர். 1959ஆம் ஆண்டு குடியரசு நாளுக்கு முந்திய நாள் சிலை திறக்கப்பெற்றது. அச்சிலையில் முகங்களைவிட முதுகுகளைப் பாருங்கள். பாரம் எந்தக் காலில் இறங்குகின்றது, எந்தத் தோள் ஏறியிருக்கின்றது என்பதைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் உடனே கண்டுகொள்வர். அதற்குக் கட்டணமும் இல்லை. மூடும் நேரமும் இல்லை.

வீட்டருகிலேயே தொடங்க விரும்புவோர் திருவொற்றியூர்க் கோயிலுக்குச் செல்லலாம். கருவறைமேல் எழும் விமானம் பின்புறம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் இருக்கும். தூங்கானை மாடம் என்று நம்மவர் அதற்குப் பெயரிட்டனர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அதனைக் கல்லால் எடுத்தவன் இரவி என்ற வீரசோழத் தச்சன் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. அரசனின் பெயர் நிற்கும் கல்லில் தச்சனின் பெயரும் நிற்பது எளிதிற் காணக்கூடியதன்று. அதே கோயிலில் வியாகரணம் கற்பிப்பதற்கென ஒரு மண்டபமும் அதற்கு நிலக்கொடையும் இருந்தன. அந்த வளைவை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். குடத்தின் வாயைப் போலவே அதுவும் கண்ணை ஏமாற்றும்.

எழும்பூருக்குப் போவதாயின், வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்திற்கு விடுமுறை என்பதை மறவாதீர்கள். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி வண்டி மாறி அடுத்த நிலையமே எழும்பூர். கிரீம்ஸ் சாலைக்கு ஆயிரம் விளக்கு நிலையத்தில் இறங்குவது வசதி. பென்சிலும் சிறு குறிப்பேடும் கொண்டு செல்லுங்கள், மைப்பேனா வேண்டா. கூடத்தில் இருப்பவரிடம், இதனை வரைந்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டு, வழியை மறைக்காமல் ஓர் ஓரமாக அமருங்கள். முப்பது படங்களைச் சுற்றிப் பார்ப்பதைவிட ஒரே சிலையின் முன் முக்கால் மணி நேரம் இருந்து, அதன் இடக்கையை மட்டும் மும்முறை வரைந்துகொண்டு திரும்பினால் போதும்.